கிட்டாரும் தப்பும் கீழே இறங்கிய நாள்

எண்பதுகளின் தொடக்கத்தில் அரியலூரில் எங்கள் குழுவைப் போல இன்னொன்று இருந்ததாக யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். எலெக்ட்ரிக் கிட்டார், டிரம் செட், நடுவில் என் தப்பு. கிட்டார்க்காரன் போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்தான். டிரம் அவன் அண்ணன். நான் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் பஸ்ஸுக்கு அடியில் படுத்துக் கிடப்பவன். அவன் கேசட்டில் போட்ட வெள்ளைக்கார ராக் பாட்டுக்கு நான் பக்கெட்டைக் கவிழ்த்துத் தட்டப்போய்த்தான் எல்லாம் ஆரம்பித்தது.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. முதலில் நான் வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சுவேன். தோல் விறைத்துக் கணீரென்று வந்த பிறகே அவன் கம்பியை முறுக்கிச் சுருதி சேர்ப்பான். அவன் எனக்காகக் காத்து நிற்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர்தான்.

திருமானூர் பக்கம் ஓர் ஊரில் காணும் பொங்கல் விழாவுக்குக் கூப்பிட்டார்கள். மூவரும் ஒரே துணியில் சிவப்புச் சட்டை தைத்துக்கொண்டோம். அப்பாவையும் வரச் சொன்னேன். ஆயுள் முழுக்கச் சாவு வீட்டு வாசலில் தப்படித்தவர். ஊர்ப் பெரிய மனிதர் யாராவது எதிரே வந்தால் அவர் தோள் துண்டு தானாக இடுப்புக்கு இறங்கிவிடும். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மகன் மேடையில் நிற்பதை அவர் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

விழா அன்று மத்தியானம் தூறல் போட்டுவிட்டது. தப்பு ஈரம் குடித்துத் தொளதொளத்துப்போனது. பாட்டுக்குப் பாட்டு காய்ச்சினால்தான் சத்தம் வரும். மேடையோ கீற்றுப் பந்தல். பக்கத்தில் நெருப்பு மூட்ட முடியாது. இது முன்பே என் மரமண்டைக்கு எட்டவில்லை.

விழாப் பொறுப்பாளர் இதற்கே காத்திருந்தவர் போலச் சொன்னார்: "தப்பு கீழயே நின்னு அடிச்சுக்கட்டும். கித்தாரும் டிரம்மும் மேல இருக்கட்டும்."

என் முகம் செத்துவிட்டது. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற அப்பாவைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. தப்பைத் தூக்கிக்கொண்டு இறங்கி, மேடைக்குப் பக்கவாட்டில் இருந்த வெட்டவெளியில் வைக்கோலைக் கொளுத்தினேன்.

நிமிர்ந்தால், அண்ணனும் தம்பியும் ஆம்பிளிஃபயரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

"ஒயரு பத்தாது தம்பி!" பொறுப்பாளர் மேலிருந்து கத்தினார்.

"பத்துற வரைக்கும் வரோம் சார்," என்றான் கிட்டார்க்காரன்.

நெருப்புக்கு நாலடி முன்னால் ஒயர் நின்றது. போதும். அண்ணன் டிரம் செட்டையும் இறக்கிவிட்டார். நான் காய்ச்சினேன், அவன் காத்திருந்தான், பிறகு சுருதி சேர்த்தான். முதல் பாட்டு முடிவதற்குள் சனம் நாற்காலிகளை எங்கள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டது. முன்வரிசையில் இருந்த சிறப்பு விருந்தினர்கூடத் தன் நாற்காலியைத் தானே தூக்கித் திருப்பினார். மேடையில் பொறுப்பாளரும் குத்துவிளக்கும்தான் மிச்சம். அன்று அடித்த அடியை நான் பிறகு என்றைக்கும் அடித்ததில்லை. இப்போது நினைத்தாலும் பெருமையாகத்தான் இருக்கிறது.

முடிந்ததும் பொறுப்பாளர் கீழே இறங்கி வந்தார். "அடுத்த வருசமும் வந்துடுங்க. எல்லாருமே மேடையில நிக்கலாம்."

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முன்னால் வந்துவிட்டார்.

"மேடையெல்லாம் வேணாங்க. நெருப்பு போடுற எடத்த மட்டும் பெருசா வுடுங்க. மத்தத அவங்க பாத்துக்குவாங்க."

மரியாதையாகத்தான் சொன்னார். துண்டு மட்டும் தோளிலேயே இருந்தது.