மிச்சசிங்கத்தின் மூடிச்சட்டிகள்

எங்கள் ஊர்க் கலியாணங்களில் சாப்பாடு மிஞ்சுவது தற்செயல் அல்ல, கொள்கை. சோறு குறைந்துபோனால் மாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட பெரியப்பா அதைப் பேரப்பிள்ளைகள் காலம்வரை சொல்லித் திரிவார் என்ற அச்சத்தில், அழைத்தவர்களுக்கும் அழைக்காதவர்களுக்கும் இன்னும் பிறக்காதவர்களுக்கும் சேர்த்தே உலை வைக்கிறோம். மிஞ்சியதை முன்பெல்லாம் மண்டபத்துக்குப் பின்னால் கொட்டுவார்கள். திருக்கோணமலைத் தெருக்களில் திரியும் புள்ளிமான்கள் வந்து வடையும் பருப்பும் தின்று, காட்டிலுள்ள சொந்தபந்தத்தை அடியோடு மறந்தன.

அந்த மான்களின் வாயில் மண்ணைப் போட்டவர் இரத்தினசிங்கம். உட்துறைமுக வீதியில் ஓட்டோ ஓட்டுபவர். தனியாள். பந்தி முடிந்ததும் மண்டபத்துக்காரர்கள் அவரைத் தொலைபேசியில் கூப்பிடுவார்கள். அவர் வந்து மிச்சத்தை ஏற்றி, அடுப்பு எரியாத வீடுகளுக்குக் கொண்டுபோவார். ஊர் அவருக்கு மிச்சசிங்கம் என்று பட்டம் கொடுத்தது. விழா எதுவும் எடுக்கப்படவில்லை.

அவரிடம் ஒரு சித்தாந்தம் இருந்தது. பார்சல் கட்டிக் கொடுத்தால் அது பிச்சை. மூடிபோட்ட சில்வர் சட்டியில் கொடுத்தால் அது அயல் புழக்கம். ஆகவே சொந்த உழைப்பில் சட்டிகள் வாங்கினார். வாசலில் நின்று, "அக்கா, வீட்டில சமையல் கொஞ்சம் கூடிப்போச்சு. பழுதாப் போகும், ஒருக்கால் உதவி செய்யுங்கோ" என்பார். பசித்தவர் மனமிரங்கி அவருக்கு உபகாரம் செய்வார்.

இந்த மாபெரும் திட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அயலிலிருந்து வந்த சட்டியை எங்கள் பெண்கள் வெறுமையாகத் திருப்புவதில்லை. இரண்டு பச்சைமிளகாய், ஒரு பிடி முருங்கையிலை, அதுவும் இல்லாவிட்டால் ஒரு கரண்டி சீனி போட்டுத்தான் கொடுப்பார்கள். ஊரின் பசியைப் போக்கப் புறப்பட்டவரின் குசினியில் கறிவேப்பிலைக்குப் பஞ்சமே இல்லாமல் போயிற்று. பட்டினி கிடந்த வீடுகள் ஒன்றுசேர்ந்து அவரைப் போஷித்தன.

"அண்ணன், நீங்க சோறு குடுக்கிறீங்களா, வரி எடுக்கிறீங்களா?" என்று கேட்டார் அவருடைய கூட்டாளி றம்ஸான். கிண்ணியாவில் கலியாணச் சமையல்காரர். "பார்சல்ல கட்டிக் குடுங்க. திருப்பித் தர ஒண்டும் இருக்காது."

"விசரே உமக்கு? மானம் மரியாதையா இருக்கிற சனத்தைப் பிச்சைக்காரர் ஆக்கச் சொல்லுறீரோ?"

துறைமுகத்துக்குப் பின்புற ஒழுங்கையில் தனியே இருந்த குணேஸ்வரி அக்காவுக்கும் இந்தச் சட்டிதான் போனது. சட்டை தைத்துச் சீவித்தவர். கண்ணில் வெள்ளை படர்ந்து தையல் நின்றது. அதோடு அடுப்பும் அநேகமாக நின்றது. இரத்தினசிங்கம் கொண்டுபோகும் நாளில்தான் அங்கே வயிறு நிறையச் சாப்பாடு.

முதலில் அக்காவிடமிருந்து சட்டியில் தேசிக்காய்கள் திரும்பி வந்தன. பிறகு சீனி. பிறகு வேலியில் பூத்த செவ்வரத்தம்பூ. அதன்பின் ஒரு லேஞ்சி, ஓரம் கோணல்மாணலாகத் தைத்தபடி. கண் தெரியாத ஒருவர் அதை எப்படித் தைத்திருப்பார் என்று இரத்தினசிங்கம் யோசிக்கவில்லை. பெருமையோடு அந்தத் துணியால் முகத்தைத் துடைத்தார்.

அதற்குப் பிறகு சட்டிகள் திரும்பவில்லை.

"என்ன அக்கா, ரெண்டு சட்டி உங்களிட்டத் தங்கிப்போச்சு?"

"தாறன் தம்பி. கழுவித்தான் வச்சிருக்கிறன்."

"அப்ப தாங்கோவன்."

"வெறுஞ்சட்டியோ? நல்ல கதை! உங்கட வீட்டில அப்பிடித்தான் பழக்கினவையோ?"

"என்ர குசினியில இனி வைக்க இடமில்லை அக்கா. வெறுமையா வந்தாத்தான் எனக்குச் சந்தோசம்."

"நீங்கள் பகிடி விடுவியள். எனக்கு அது ஏலாது."

அடுத்த கலியாணச் சோற்றோடு போனபோது கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"சாப்பிட்டாச்சுத் தம்பி! கட்டைபறிச்சான் ஊரால மருமகன் வந்து அரிசி மூட்டை இறக்கிப்போட்டுப் போறான். இனி எனக்கு வேண்டாம், இல்லாத சனத்துக்குக் குடுங்கோ."

குரல் மெலிந்திருந்தது. புது அரிசிச் சோறு உண்ட மயக்கம் என்று இரத்தினசிங்கம் தீர்மானித்தார். ஒரு வீட்டில் பசி ஒழிந்துவிட்ட செய்தியை அன்றே றம்ஸானுக்கு அறிவித்தார். அதன்பின் அந்த ஒழுங்கையால் போகும்போது ஓட்டோவை நிறுத்தாமல், சந்தோசமாக ஹோர்ன் மட்டும் அடித்துக்கொண்டு போனார்.

பக்கத்து வீட்டுப் பிரசாந்தினிதான் ஒருநாள் கதவைத் தள்ளித் திறந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், திரும்பி வந்தது உடல். நெஞ்சு வருத்தம் என்று எழுதிக் கொடுத்தார்கள். படித்தவர்கள் எழுதினால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் குசினியில் அரிசி மூட்டையைக் காணவில்லை. அரிசியையே காணவில்லை. மேசையில் இரண்டு சட்டிகள், சாம்பல் போட்டு மினுக்கி, துணியால் மூடியபடி இருந்தன.

"இதுக்குள்ள போட ஏதும் கிடைக்குமோ எண்டு தேடிக்கொண்டே இருந்தவ அண்ணை," என்றாள் பிரசாந்தினி. "என்னட்டயும் ரெண்டு மிளகாய் கேட்டவ. எங்கட வீட்டிலயும் அண்டைக்கு இருக்கேல்ல."

அவள் நீட்டிய சட்டிகளை இரத்தினசிங்கம் வாங்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கட்டைபறிச்சான் மருமகன், அக்காவின் தம்பி மகன் சிவரூபன் வந்தார். இம்முறை உண்மையாகவே வந்தார், அரிசி மூட்டைகளோடு. மாமிக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று, வரக்கூடியவர்களுக்கும் வரமாட்டாதவர்களுக்கும் சேர்த்துச் சமைப்பித்தார். அக்கா விரும்பிச் சாப்பிடும் பயற்றம் பணியாரமும் படையலில் இருந்தது.

"தம்பி, மாமியைக் கடைசியா எப்ப கண்டனீங்கள்?" என்று கேட்டார் இரத்தினசிங்கம்.

"கொரோனாவுக்கு முந்தி அண்ணை. போனில கதைக்கிறவ. அரிசி கொண்டரட்டோ எண்டு எத்தினை தரம் கேட்டிருப்பன்! 'எனக்கென்னடா குறை, இஞ்ச ஒரு தம்பி கலியாணச் சாப்பாடாக் கொண்டந்து தாறார்' எண்டுவா. உங்களை நம்பித்தான் நானும் பேசாமல் இருந்திட்டன்."

இப்படி ஒருவர் பேரைச் சொல்லி மற்றவரை வாசலோடு திருப்பி, குணேஸ்வரி அக்கா இரண்டு ஆண்பிள்ளைகளையும் நிம்மதியாக நித்திரை கொள்ள வைத்திருந்தார்.

பந்தி முடிந்தது. வாளி வாளியாக மிஞ்சியது.

"அண்ணை, நீங்கள்தானே மிச்சம் எடுக்கிறனீங்கள்?" என்றார் சிவரூபன் தயக்கத்தோடு. "சரியாக் கூடிப்போச்சு."

இரத்தினசிங்கம் கதிரையை விட்டு எழும்பவில்லை. உதவிக்கு வந்திருந்த றம்ஸான் அவர் தோளில் கைவைத்தார்.

"வெயில் ஏறுது அண்ணன். பால்கறி புளிச்சிரும். அங்கால சனம் பாத்துக்கிட்டு இருக்கும்."

துக்கம் விசாரிக்கச் சோற்றுக்கு நேரம் கிடையாது. இரத்தினசிங்கம் எழும்பி வந்து தரையில் குந்தினார். றம்ஸான் கொண்டுவந்திருந்த பார்சல் தாளை விரித்துச் சோறு வைத்தார். கட்டிப் பழக்கமில்லாத கை. முதல் பார்சல் அவிழ்ந்து மடியில் கொட்டியது. றம்ஸான் இன்னொரு தாளை விரித்தார். பருப்பில் கண்ணீர் விழுந்துவிடாதபடி முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டு, இரத்தினசிங்கம் அள்ளி அள்ளி வைத்தார்.