டிரைவர் தூங்குகிறார்

என் அக்கா வீட்டில் ஒரு சட்டம் உண்டு. டிரைவர் தூங்கினால் எழுப்பக் கூடாது. மச்சான் வெள்ளைச்சாமி அரசு பஸ் ஓட்டியவர். அறந்தாங்கியில் எடுத்து ஆவுடையார்கோவில் வழியாக மீமிசல் போகிற ரூட். விடியுமுன்னே முதல் டிரிப் எடுப்பார், மதியம் வந்து படுப்பார். அவர் படுத்துவிட்டால் ஜன்னலைச் சாத்துவார்கள், மிக்ஸி ஓடாது, டி.வி. பேசாது. மீன் கூவி வருகிறவர்களைக்கூட அக்கா சொர்ணம் தெருமுனைக்கே ஓடிப்போய் வாயில் விரலை வைத்து அடக்கிவிடுவாள். "பஸ்ஸு நெறைய சனம் ஏறுது. இவரு கண்ணசந்தா யாரு பதில் சொல்றது?" என்பாள். நியாயமான சட்டம்தான். அந்த வீட்டில் வளர்ந்த அவர்கள் மகன் வசந்த் இப்போது சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். அங்கேயும் கதவை ஓசைப்படாமல்தான் சாத்துகிறானாம்.

மச்சான் போன வருசம் ரிட்டயர் ஆனார். டிப்போவில் மாலை போட்டு, வேனில் ஏற்றிக் கொண்டுவந்து வீட்டில் விட்டார்கள். கறிவிருந்து நடந்தது. வந்தவர்களெல்லாம் இலையில் உட்கார்ந்தபடி ஒரே பாட்டைப் பாடினார்கள். "இனிமேலாவது நிம்மதியாத் தூங்குங்கண்ணே." மனிதர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார் போல. படுத்துவிட்டார்.

காலையிலும் படுத்தார், மதியமும் படுத்தார். சாயங்காலம் எழுந்து காபி குடித்துவிட்டு மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ராத்திரியில் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்திருக்கிறார், அது யாருக்கும் தெரியவில்லை. வேறு வீடாக இருந்தால், இந்த மனுசனுக்கு என்ன கேடு என்று நாலே நாளில் உலுக்கி எழுப்பியிருப்பார்கள். இங்கேதான் சட்டம் இருக்கிறதே. அக்கா ஜன்னலைச் சாத்தினாள், புதிதாகத் திரை வாங்கி மாட்டினாள், சோற்றைத் தட்டுப்போட்டு மூடி வைத்தாள், கொலுசுச் சத்தம் கேட்காமல் நடந்தாள். இப்படி நல்ல மனசோடு அந்த மனுசனை மாதக்கணக்கில் இருட்டில் போட்டு வைத்திருந்தார்கள்.

என் பெயர் சேரன். ஆவுடையார்கோவிலில் எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றுகிற கடை வைத்திருக்கிறேன். குடியிருப்பது அக்கா ஊரிலேயே, அடுத்த தெருவில். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மச்சானைக் கிண்டல் பண்ணுவது என் உரிமை, என்னைக் கிண்டல் பண்ணுவது அவர் உரிமை. ஒருநாள் அங்கே போனபோது வழக்கம்போல ஏதோ சீண்டினேன். அவர் பதிலுக்குச் சீண்டவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.

"நீயே வச்சுக்க மாப்ள."

"எதுக்கு மச்சான்?"

"எனக்கு இனிமே என்னத்துக்கு? நான் இருந்து யாருக்கு என்ன ஆகப்போவுது."

கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. அடுத்த ஸ்டாப் எது என்று கேட்டவருக்குச் சொல்வது போலச் சொன்னார். அப்போதுதான் ஆளைச் சரியாகப் பார்த்தேன். கன்னம் ஒட்டி, பனியன் தோளில் தொங்கியது.

கடிகாரத்தை அவர் கையிலேயே மாட்டிவிட்டு, அடுப்படிக்குப் போய் அக்காவைப் பிடி பிடியென்று பிடித்தேன். "தூங்குறாருன்னுல்லடா நெனச்சேன்" என்று தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்தினாள். பிறகு வயலுக்கு வாங்கி வைத்திருந்த பூச்சிமருந்து அத்தனையையும் சாக்கில் கட்டி என் வண்டியில் ஏற்றி, "இங்கிட்டு இருக்க வேணாம், கொண்டுபோயிரு" என்றாள். அது அவளுக்கே தோன்றியது.

மறுநாளே புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போய் மனநல டாக்டரிடம் காட்டினோம். சுடர்விழி என்று ஒரு டாக்டரம்மா. மச்சானிடம் தனியாக வெகுநேரம் பேசிவிட்டு எங்களைக் கூப்பிட்டார். "இது மனச்சோர்வு நோய்ங்க. சோம்பேறித்தனம் இல்ல, பைத்தியமும் இல்ல. மாத்திரைய நான் சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது. ஆனா மாத்திரை மட்டும் பத்தாது. பகல்ல படுக்க விடாதீங்க. தெனம் ஒரே நேரத்துல எழுப்பி, காலை வெயில்ல நடக்க வைங்க. வேளைக்குச் சாப்பிடட்டும், மனுசங்களோட இருக்கட்டும். குடி வேணாம்."

எழுப்புங்கள் என்று டாக்டர் லேசாகச் சொல்லிவிட்டார். அக்காவுக்கு அதுதான் பெரும்பாடாகிவிட்டது. கட்டில் பக்கத்தில் போய் நிற்பாள், கையை நீட்டுவாள், இழுத்துக்கொள்வாள். "எத்தன வருசப் பழக்கம், கை வர மாட்டேங்குதுடா" என்று என்னிடம் புலம்பினாள். கடைசியில் அந்தப் பாவத்தை நான் ஏற்றுக்கொண்டேன். விடிந்ததும் போய்த் திரையை இழுத்துவிட்டு, போர்வையை உருவுவேன்.

கண்மாய்க்கரையில் நடந்தோம். நடந்தோம் என்பது பேச்சுக்குத்தான், பஞ்சரான வண்டியைத் தள்ளுவது போல நான் அவரைத் தள்ளிக்கொண்டு போனேன். "அக்காவப் பொண்ணு பாக்க வந்தப்ப இதவிட வெரசா வந்தீங்க மச்சான்" என்பேன். தனியாகப் பேசித் தனியாகச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வருவேன். வந்து என் பெண்டாட்டி சுகுணாவிடம் எரிந்து விழுவேன். உண்மையில் எனக்குப் பயம். ஒவ்வொரு நாளும் அந்தக் கதவைத் தள்ளும்போது, உள்ளே ஆள் உயிரோடு இருக்க வேண்டுமே என்றுதான் தள்ளினேன்.

ஒருநாள் கரையை ஒட்டிய ரோட்டில் பஸ் ஒன்று முக்கி முனகிக்கொண்டு மேடேறியது. மச்சான் நின்றுவிட்டார்.

"மேட்டுல தேர்டு கியர்ல இழுக்குறான் பாரு, மூதேவி."

அந்த டிரைவர் யாரென்று தெரிந்தால் ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்திருப்பேன். அவ்வளவு சந்தோசம் எனக்கு.

அதற்குப் பிறகு மெல்ல மெல்லத் தேறினார். கொல்லையில் கத்தரி நட்டார். அதற்குத் தண்ணீர் விடவே மதியத்தில் எழுந்து உட்கார வேண்டியதாயிற்று. அக்கா மீமிசல் மீன் வாங்கிக் குழம்பு வைத்தால் இரண்டாம் முறை சோறு கேட்டார். சாயங்காலம் கோவில் பக்கம் போய்ப் பழைய கண்டக்டர் வீரய்யாவோடு ஊர்வம்பு பேசினார். ராத்திரியில் தூக்கமும் வந்தது. ஒரே சீராகப் போனது என்று சொல்ல மாட்டேன். சில காலைகளில் கட்டிலோடு ஒட்டிக் கிடப்பார். அன்றைக்கு வாசல் வரை வந்தால் போதும் என்று விட்டுவிடுவேன்.

இந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் மச்சானுடைய பங்காளி பிச்சைமுத்து. செல்போனில் பார்ப்பதையெல்லாம் வேதமாக எடுத்துக்கொள்கிற ஆள். "நடந்தே சரியாப் போச்சுல்ல? இயற்கையா வந்த சொகம். பெறகு எதுக்கு மாத்திரையத் திங்கிற? கிட்னி போயிரும்ப்பா" என்றார். எனக்கு வந்ததே கோபம். "நீங்க மொதல்ல ஒங்க சுகர் மாத்திரைய விட்டுட்டு நடந்து காட்டுங்க, பாப்போம்" என்றேன். துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். பேச்சு மட்டும் மச்சான் காதிலேயே தங்கிவிட்டது. அக்கா கொடுக்கிற மாத்திரையை வாயில் போடுவதாகப் போக்குக் காட்டிவிட்டுக் கொல்லையில் எறிந்திருக்கிறார். எங்களுக்குத் தெரியாது.

சில வாரங்கள் போயிருக்கும். காலையில் போனேன். கட்டில் காலியாக இருந்தது. செல்போன் தலையணை மேல் கிடந்தது. நான் கேட்ட பிறகுதான் அக்காவுக்கே தெரிந்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் வெளியே ஓடினேன். கண்மாய்க்கரை முழுக்க ஓடினேன். கிணற்றடியில் போய் எட்டிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் திட்டினேன், பிறகு கும்பிட்டேன்.

ஓடி ஓடி மெயின்ரோட்டுக்கு வந்தேன். பஸ் ஸ்டாப்பில் மச்சான் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு.

அவரை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். "சொல்லிட்டு வரக்கூடாதா? நாங்கல்லாம் மனுசங்களாத் தெரியலையா ஒங்களுக்கு?"

"மாத்திரைய நிறுத்திப்புட்டேன் மாப்ள" என்றார். "ரெண்டு மூணு நாளா தப்புத்தப்பா நெனப்பு வருது. நேத்து ரொம்ப மோசம். ஒங்க முன்னாடி அதச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் மொத பஸ்ஸப் புடிச்சு டாக்டரம்மாகிட்டப் போயிரலாம்னு வந்துட்டேன்."

ஓங்கிய கையை இறக்கினேன்.

"எனக்குச் சாக இஷ்டமில்ல மாப்ள" என்றார்.

ரோடு என்றும் பார்க்காமல் அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன். பஸ் வந்தது. இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்தோம். அக்காவைப் போனில் கூப்பிட்டேன். அவள் எடுத்தாள். மச்சான் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்.

"சொர்ணம், நான்தான். அழுவாத. ஆஸ்பத்திரிக்குப் போறேன், சேரனும் கூட வாரான். மதியத்துக்கு வந்துருவேன். சோறு ஆக்கி வையி."