ஸ்பீடாமீட்டர் முள் விழுந்த வளைவு

எனக்கு இடது கால் சரியில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது வந்த இளம்பிள்ளைவாதம். நடப்பேன், படியேறுவேன், கோபம் வந்தால் தரையை உதைக்கவும் செய்வேன். ஆனால் கிளட்ச்சை மிதித்துப் பிடித்திருக்க அந்தக் காலால் முடியாது. அதனால் எனக்குத் தோதான ஒரே வண்டி ஆட்டோமேட்டிக் கார்தான். கியரை அதுவே மாற்றிக்கொள்ளும், வலது கால் மட்டும் போதும்.

வீடு காமயகவுண்டன்பட்டியில், வேலை மலைக்கு மேலே குமுளியில். அங்கே ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்துகிறவள் நான். பல வருடங்கள் பஸ் படிக்கட்டோடு மல்லுக்கட்டினேன். "சீக்கிரம் ஏறும்மா" என்று கண்டக்டர் சொல்லாத நாளில்லை, நான் பதிலுக்கு ஏசாத நாளுமில்லை. கார் வந்த பிறகுதான் யாரையும் திட்டாமல் வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன். அதன் சாவியை யாரிடமும் கொடுக்க மாட்டேன். குளிக்கப் போனால்கூடச் சாவியைக் கொண்டுபோவாள் என்று வீட்டில் கேலி செய்வார்கள். அது பொய்யில்லை.

அந்த ஐப்பசியில் ஒரு காலை, அடிவாரத்து லோயர் கேம்ப் தாண்டி மலையேறிக்கொண்டிருந்தேன். மழை விட்டுச் சாலை ஈரமாகக் கிடந்தது, மேகம் கீழே இறங்கியிருந்தது. பின்னால் ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் ஒட்டியே வந்தது. மாதா கோவில் வளைவில் திரும்பும்போது காலுக்கடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். ஸ்பீடாமீட்டர் முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தது. வண்டியோ ஓடிக்கொண்டுதான் இருந்தது. கியர் விளக்கு மினுக் மினுக்கென்றது. ஆக்ஸிலேட்டரை மிதித்தேன், இன்ஜின் இரைந்ததே தவிர வண்டி இழுக்கவில்லை. நின்றது. பிறகு ஒரு முழம் பின்பக்கம் நழுவியது.

பிரேக்கை மிதித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஜீப்காரர் ஹாரனில் கை வைத்தவர் எடுக்கவில்லை. பிறகு ஜீப்பை ஒடித்து என் ஜன்னலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, "ஏம்மா, பழகுற வண்டியா? கீழ பழகிட்டு மேல வரக்கூடாதா?" என்றார். வேறு நாளாக இருந்தால் அவர் தலைமுறைக்கே பதில் சொல்லியிருப்பேன். அன்று என் கண் முள்ளிலேயே இருந்தது. வண்டியை அணைத்து மறுபடி கிளப்பினேன். முள் எழுந்தது, வண்டி ஒன்றும் நடக்காதது போல ஏறியது.

இதை வீட்டில் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும், தெரியும். என் கணவருக்குத் திராட்சைத் தோட்டம். அவர் என்னை ஒருநாளும் தடுத்தவரில்லை. ஆனால் அவர் சொந்தக்காரர்கள் அப்படியில்லை. இந்தக் காலை வச்சுக்கிட்டு மலையில வண்டி ஓட்டணுமா என்று கேட்காதவர் குறைவு. விஷயம் வெளியே தெரிந்தால் சாவி என் கையில் நிற்காது என்று பயந்தேன். மலையில் ஒரு பயம், வீட்டில் ஒரு பயம். வீட்டுப் பயம்தான் பெரிதாக இருந்தது, அதனால் மறுநாளும் மலையேறினேன்.

மூன்று வாரம் அப்படிப் போனது. சில காலைகளில் ஒன்றும் நடக்காது. சில காலைகளில் டொக் என்று அடித்து முள் விழும். நான் ஓரம் கட்டி அணைத்துக் கிளப்புவேன். சாயங்காலம் இறங்கும்போது வந்ததே இல்லை. பரிசோதனைக் கூடத்தில் ஒரு அளவு சந்தேகமாக இருந்தால் இரண்டாம் முறை எடுத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். சொந்த வண்டி விஷயத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஏசி போட்டால்தான் வருகிறது என்று நினைத்து ஏசியை நிறுத்தினேன். பாட்டுப் போடுவதை நிறுத்தினேன். அந்த வளைவுக்கு முன்னால் இருக்கும் இரைச்சல் பாலம் வந்ததும் உள்ளங்கை வேர்க்கத் தொடங்கிவிடும். ஸ்டீயரிங்கில் ஒரு துண்டைச் சுற்றி வைத்தேன்.

ஒருநாள் மழைக்காகப் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள். ஏழாவது படிக்கும் என் மகள் கூடவே வருகிறேன் என்று அடம்பிடித்து முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். அன்றைக்கு மட்டும் வந்துவிடாதே என்று வண்டியிடம் கெஞ்சிக்கொண்டே போனேன். அதே வளைவு. டொக். இந்தத் தடவை வளைவில் ஏற்றம் செங்குத்தாக இருந்த இடம். பிரேக்கை மிதிப்பதற்குள் வண்டி இரண்டு கஜம் பின்னால் போய்விட்டது. "அம்மா, பின்னால போகுதும்மா!" என்று அவள் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். பின்சக்கரம் ஓரத்து வடிகாலில் இறங்கி இடித்து நின்றது. வடிகால் மலைப்பக்கம் இருந்தது. எதிர்ப்பக்கம் பள்ளம்.

மகள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லி வாயை அடைத்திருப்பேன். சாயங்காலம் அப்பா தோட்டத்திலிருந்து வந்ததும் காலைக்கூடக் கழுவவிடாமல் நடந்ததை முழுக்க ஒப்பித்தாள். அவர் கேட்டு முடித்தார். என் கைப்பையைத் திறந்து சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"நாளையிலருந்து நான் கொண்டுபோயி விடுறேன்" என்றார்.

"அப்ப தோட்டத்தை யாரு பாப்பாக?"

"அது கெடக்கட்டும்."

"என் கால்ல ஒண்ணைத்தான் சாமி எடுத்துச்சு. இன்னொண்ணை நீங்க புடுங்குறீக!" என்று தெருவே கேட்கக் கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டே சாப்பிட்டார். நான் பயந்த அதே காரியம் என் கண் முன்னாலேயே நடந்துவிட்டது. இனி எங்கே போவதென்றாலும் இன்னொருவருக்கு நேரம் ஒழியக் காத்திருக்க வேண்டும் என்று நினைத்து அன்றைக்கு அழுதேன்.

மறுநாள் கம்பத்தில் ஒரு பட்டறையில் காட்டினோம். எட்டிப் பார்த்துவிட்டு, கியர் பாக்ஸே போச்சு, மொத்தமாக இறக்க வேண்டும் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தேனியில் ஆட்டோமேட்டிக் வண்டி மட்டும் பார்க்கிற ஒரு மெக்கானிக் இருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கே போகச் சொன்னேன். வழிநெடுக என் கணவர்தான் ஓட்டினார். இல்லாத கிளட்ச்சைத் தேடி அவருடைய இடது கால் பிரேக்கை மிதிக்க, ஆளுக்கொரு தடவை கண்ணாடியில் முட்டப் போனோம். "நல்ல கால் ரெண்டு இருந்து என்னத்துக்கு?" என்றேன். அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை.

தேனி மெக்கானிக்குக் குறைந்த வயதுதான், முப்பது இருக்கும். வண்டியைத் தொடுவதற்கு முன்னால் கேள்வி கேட்டார். காலையிலயா சாயங்காலமா? மழை பெய்ஞ்ச நாளா காஞ்ச நாளா? முள் விழுந்த பிறகு டொக்குன்னு கேக்குதா, அதுக்கு முன்னாலயா? யாராவது இதையெல்லாம் கேட்க மாட்டார்களா என்று மூன்று வாரமாகக் காத்திருந்தவள் போல நான் கொட்டித் தீர்த்தேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு ஸ்கேனரைச் சொருகிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அவுட்புட் ஸ்பீட் சென்சார்னு காட்டுதுக்கா. கியர் பாக்ஸ்லருந்து சக்கரத்துக்குப் போற சாஃப்ட் எம்புட்டு வேகத்துல சுத்துதுன்னு அதுதான் சொல்லணும். அது சொல்லலைன்னா உள்ள இருக்க கம்ப்யூட்டருக்கு எந்தக் கியர் போடன்னு தெரியாது. பயந்துக்கிட்டு மூணாவது கியரைப் புடிச்சுக்கிட்டு நின்னுரும். மூணாவதுல மலை எங்க ஏறும்?"

பயந்துக்கிட்டு என்றுதான் சொன்னார். அந்தக் காரின்மேல் எனக்கு முதல்முறையாகப் பாவமாக இருந்தது.

மீட்டர் வைத்துப் பார்த்தார், சென்சார் சரியாகவே அளவு காட்டியது. பைபாஸில் ஓட்டிப் பார்த்தார், ஒன்றும் வரவில்லை. "ஈரத்துல தான வருது? இங்கனயே வர வைப்போம்" என்று வண்டியை லிஃப்டில் ஏற்றினார். "உள்ள ஒரு ஆள் உக்காந்து ஸ்கேனரை வாசிக்கணும். அக்கா உக்காருவீகளா?" என் கணவர் வேண்டாம் என்று கையை நீட்டினார். நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

வண்டி ஆள் உயரத்துக்கு மேலே போனது. டிரைவில் போட்டு லேசாக மிதித்தேன், சக்கரங்கள் அந்தரத்தில் சுற்றின. கீழே அவர் இஸ்திரிக் கடையில் வைத்திருப்பார்களே, அது மாதிரி தண்ணீர் பீய்ச்சும் ஒரு பாட்டிலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஒயராக நனைத்தார். "நம்பரை மட்டும் சத்தமா சொல்லுங்கக்கா."

"முப்பது. முப்பது. முப்பத்தொண்ணு. முப்பது." கீழே மறுபடி பீய்ச்சினார். "முப்பது. பூஜ்யம்."

டொக். அந்தரத்தில்தான் இருக்கிறேன், எங்கும் போக முடியாது என்று தெரிந்தும் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

இறக்கியதும், சென்சாரில் ஒயர் வந்து சேரும் சாக்கெட்டைக் கழற்றி எங்களிடம் நீட்டினார். உள்ளே ஊசி மாதிரி நீட்டிக்கொண்டிருந்த பித்தளைக் கால்களைச் சுற்றி வெளிறிய நீல நிறத்தில் மாவு பூத்திருந்தது. அவர் முகர்ந்து பார்த்தார். "உங்களுக்குத் திராட்சை இருக்கா?" என்றார். இருக்கிறது என்றோம். "மருந்தடிக்கிற மிஷின்ல வண்டியக் கழுவினீகளா?"

எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜைக்கு எல்லோரும் செய்வதுதான். மழைக்காலத்தில் கொடியில் நோய் விழும் என்று நீல மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் டிரம்மில் கரைத்து அடிப்பார்கள். பூஜைக்கு முந்தின நாள் அதே டிரம்மை இரண்டு தண்ணீர் அலசிவிட்டு, அதே மிஷினால் டிராக்டர், பைக், கார் எல்லாவற்றையும் கழுவுவோம். நல்ல வேகமாக அடிக்கும், சேறு பறந்துவிடும். அந்த வருடம் மலைச்சேறு அடியில் நிறைய ஒட்டியிருக்கிறது என்று நான்தான் குழாயை வாங்கிக் காருக்கடியில் நீட்டி நீட்டி அடித்தேன். "டிரம்முல இன்னும் மருந்து வாசம் போகல, போதும் விடு" என்று அவர் சொன்னார். "வண்டி என்னுது, எனக்குத் தெரியும்" என்று சொன்னவள் நான்.

அந்தத் துத்தத் தண்ணீர் சாக்கெட்டுக்குள் தங்கிவிட்டது. காய்ந்தால் பேசாமல் இருக்கும், மேகத்துக்குள் வண்டி நுழைந்தால் நனைந்து அந்தப் பித்தளைக் கால்கள் இரண்டையும் சேர்த்து வைத்துவிடும், சென்சார் சொல்வது கம்ப்யூட்டருக்குப் போகாது. என் மகளைப் பள்ளத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது என் கை அடித்த தண்ணீர்தான். நான் வாய் திறப்பதற்குள் என் கணவர், "ஆமா தம்பி, நான்தேன் கழுவினேன், தெரியாமச் செஞ்சுட்டேன்" என்றார்.

நான் திருத்தவில்லை. திருத்தத் தைரியம் வரவில்லை, அதுதான் உண்மை.

மெக்கானிக் பழைய சாக்கெட்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதியதை ஒயரோடு சேர்த்துப் பற்றவைத்தார். சென்சாரின் கால்களும் அரித்திருந்ததால் அதையும் மாற்றினார். ரப்பர் வாஷரைப் போட்டு, கிரீஸ் தடவி மூடினார். மறுபடி லிஃப்ட், மறுபடி தண்ணீர். முப்பது முப்பதாகவே நின்றது. "இனி வராதுக்கா" என்றார். "வராதுன்னு எழுதித் தருவீகளா?" என்றேன். "மிஷினுக்கு யாருக்கா எழுதிக் குடுக்க முடியும்?" என்று சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

பட்டறை வாசலிலேயே என் கணவர் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். மறுநாள் காலை தனியாகக் கிளம்பினேன். சாவிக்காக அத்தனை சண்டை போட்ட நான், அதைத் திருகுமுன் ஸ்டீயரிங்கில் துண்டை மறுபடி சுற்றினேன். கூடலூர் தாண்டும்போது கண்ணாடியில் பார்த்தேன். மழைக்கோட்டுப் போட்ட ஒருவர் மொபெட்டில் தூரமாகப் பின்னால் வந்துகொண்டிருந்தார். லோயர் கேம்பில், ஏற்றம் தொடங்குமுன் ஓரம் கட்டி இறங்கினேன். என் கணவர்தான்.

"வேவு பாக்க வந்தீகளா? சாவியக் குடுக்குற மாதிரி குடுத்துட்டு, பின்னாலேயே போலீசு மாதிரி வர்றீகளா?" என்று ரோட்டிலேயே பிடித்துக்கொண்டேன். டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் ஹேண்ட்பாரிலிருந்து கையை எடுக்கவில்லை. முகமெல்லாம் மழைத் தண்ணீர்.

"பாப்பா வந்து சொன்னதுலருந்து எனக்குத் தூக்கமில்ல. கண்ண மூடுனா நீங்க ரெண்டு பேரும் பள்ளத்துல கெடக்குறீக. உன் கால நான் புடுங்கல. எனக்குப் பயமா இருந்துச்சு, அம்புட்டுத்தேன்."

பயம் என்பது என் ஒருத்திக்கு மட்டுமே உள்ள சொத்து என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் சாவியைச் சட்டைப்பையில் போட்டபோது அதில் அதிகாரத்தைத்தான் பார்த்தேன். அவர் விரல் நடுங்கியதா என்று கவனிக்கவில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல், "வீட்டுக்குப் போங்க, மேல போயிப் போன் பண்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன்.

மேகம் அன்றும் இறங்கியிருந்தது. பாலம் போனது. வளைவு வந்தது. முள்ளையே பார்த்தேன், ரோட்டைப் பார்த்தேன், மறுபடி முள்ளைப் பார்த்தேன். இருபதில் நின்றது. கியர் மாறும் ஒவ்வொரு தடவையும் டொக் கேட்கப்போகிறது என்று தோள்பட்டை இறுகியது. கேட்கவில்லை. வளைவு தாண்டிய பிறகும் தோள் இறங்கவில்லை.

குமுளியில் வண்டியை நிறுத்திவிட்டுப் போன் செய்தேன். ஒரு ரிங் முழுசாகப் போவதற்குள் எடுத்துவிட்டார். அவர் பக்கம் மழைச் சத்தமும் லாரி இறங்குகிற சத்தமும் கேட்டன. இன்னும் லோயர் கேம்பிலேயே நிற்கிறார். ஏன் நிற்கிறீர்கள் என்று ஏசத்தான் வாய் எடுத்தேன்.

"அன்னைக்கு வண்டிக்கு அடியில அடிச்சது நான். பட்டறையில சொல்லாம நின்னுட்டேன். இப்ப ஏறும்போதும் பயமாத்தாங்க இருந்துச்சு" என்றேன்.

கல்யாணமாகிப் பதினேழு வருடம். அவரிடம் பயமாக இருக்கிறது என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை.