உம்மா ஊற்றிய வினாகிரி

எழுபதுகளின் கடைசியில் நான் கிழக்குக் கரையோரச் சாய்ந்தமருதில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் நான் தவளையின் இதயத்தைக் கீறினால் பிள்ளைகள் அதை மாங்காய் என்பார்கள். அப்படிப்பட்ட என்னைத்தான் கொழும்பு நூதனசாலை ஆராய்ச்சியாளர் ஒருவர் துணைக்குத் தேடி வந்தார். என் அறிவு கொழும்புவரை பரவியிருந்ததாக நினைத்துவிடாதீர்கள். என்னிடம் கொஞ்சம் சிங்களமும் நிறைய ஓய்வும் இருந்தன, அவ்வளவுதான்.

நம் நாட்டுக்கே உரிய நன்னீர் மீன்களை அவர் தேடிக்கொண்டிருந்தார். குளங்களில் வெளிநாட்டு மீன் விட்டாயிற்று, வயலுக்கு மருந்தும் அடிக்கிறார்கள், இனி எது மிஞ்சும் என்பது அவருடைய கவலை. மாரி தொடங்கியதும் இருவரும் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு கரைவாகு வட்டை வயல்களின் வாய்க்கால்களில் இறங்கினோம். அவர் வலையை வைப்பார். மீனை வலைப்பக்கம் கலைத்து விடுவது என் பொறுப்பு. நான் வழுக்கி விழும்போதெல்லாம் மீன்கள் பயந்து வலைக்குள் ஓடின. என்னைவிட நல்ல உதவியாளன் கிடைக்கமாட்டான் என்று அவர் சொன்னதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் விரல் நீளத்தில் ஒரு மீன் வந்தது. கண்ணிலிருந்து வால்வரை மெல்லிய சிவப்புக் கோடு, வாலடியில் கறுப்புப் பொட்டு. ஊரில் அதற்குப் பெயரே கிடையாது. பொடிமீன் என்று கோழிக்குப் போடுவோம். அவரோ அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இப்படியொன்றை வேறெங்கும் பார்க்கவில்லை என்றும், கொழும்புக்குப் போய்ச் செதிலையும் முள்ளையும் பார்த்தால்தான் எதுவும் சொல்லலாம் என்றும் சொன்னார். அதன்பின் எவ்வளவு தேடியும் இரண்டாவது மீன் அகப்படவில்லை.

அவர் பொத்துவில்வரை போக வேண்டியிருந்தது. அந்தப் பாதையில் ஜீப் துள்ளும் துள்ளலில் போத்தல் உடைந்துவிடும் என்று பயந்தவர், பழுதாகாமல் ஸ்பிரிட்டில் போட்ட மீனை என்னிடம் ஒப்படைத்தார், திரும்பும்போது எடுப்பதாகச் சொல்லி. நான் அதை அலுமாரியின் மேல் வைத்தேன்.

அது ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிய நேரம். ஸ்பிரிட் வாசனை வேலி தாண்டிப் போயிற்று. வாத்தியார் போத்தல் வைத்திருக்கிறார் என்று அடுத்த வளவு ராத்தா உம்மாவின் காதில் போட்டுவிட்டார். உம்மா மகனைச் சந்தேகப்படவில்லை, போத்தலைத்தான் சந்தேகப்பட்டார். ஸ்பிரிட்டை முருங்கையடியில் ஊற்றி, போத்தலை பிஸ்மி சொல்லிக் கழுவி, பெருநாள் அச்சாறுக்கு வைத்திருந்த தென்னை வினாகிரியை நிரப்பி, மீனைத் திரும்ப அதற்குள் பக்குவமாக இறக்கியிருக்கிறார். மூடியை இறுக்கி இருந்த இடத்திலேயே வைத்தும்விட்டார். வாசனை நின்றதும், மூடி இப்போதுதான் ஒழுங்காகப் பொருந்தியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். நான் விஞ்ஞான ஆசிரியர் என்பதை மறுபடியும் நினைவூட்டுகிறேன்.

ஆராய்ச்சியாளர் வந்து மூடியைத் திறந்தார். முகர்ந்தார். இடுக்கியால் தூக்கிய மீன் இடியப்பம்போலத் தொங்கியது. முள்ளெல்லாம் வினாகிரியில் கரைந்து, கோடும் பொட்டும் வெளிறிப் போயிருந்தன. சாராயம் ஹறாம், வினாகிரி ஹலால். மீனுக்கு மட்டும் சட்டம் தலைகீழ்.

கதவுச் சீலைக்குப் பின்னாலிருந்து உம்மா சொன்னார்:

“ஸ்பிரிட்டு ஹறாமெண்டு நாந்தான் ஊத்தின மகன். நாறாம இரிக்கட்டும் எண்டு கொஞ்சம் மிளகும் போட்டிரிக்கன்.”

அவர் சீலைப் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த தமிழில், “உம்மா, உப்பு காணாது,” என்றார். எல்லோரும் சிரித்தோம். பிறகு அவர் போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னதை நான் உம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்:

“இன்னொண்டு வேணும். இல்லாட்டி இந்த மீன் இங்க இருந்தது எண்டு நான் சொல்ல ஏலாது. ஒருத்தரும் நம்ப மாட்டாங்க.”

“நான் தேடித் தாறன் எண்டு சொல்லுங்க மகன்,” என்றார் உம்மா.

அடுத்த மாரிக்கு அவர் வந்தார். அதற்கடுத்த மாரிக்கும் வந்தார். நான் விழாத வாய்க்கால் இல்லை, மீன் மட்டும் வரவில்லை. பிறகு காலம் கெட்டது. கொழும்புப் பாதை திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. அவர் வரவில்லை. நான் எழுதியதற்குப் பதிலும் வரவில்லை.

உம்மா மட்டும் நிறுத்தவில்லை. சைக்கிளில் குளத்துமீன் கொண்டு வருபவரிடம் தகரத்தின் அடித்தண்ணீரைச் சட்டியில் ஊற்றச் சொல்லிக் கிண்டிப் பார்ப்பார். “ஊரே விரால் கேக்காங்க, நீங்க மட்டும் கோழித்தீன் கேக்கீங்க,” என்று மீன்காரர் சிரிப்பார். பெருநாள் வந்தால் எங்கள் வீட்டில் எலுமிச்சை ஊறுகாய்தான். அச்சாறுக்காக வினாகிரி வாங்குவதை உம்மா விட்டுவிட்டார்.

எண்பதுகளின் நடுவில் ஒரு காலை, பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட என்னை உம்மா கூப்பிட்டார். சட்டியில் விரல் நீளத்தில் ஒன்று ஓடியது. சிவப்பாக ஏதோ தெரிந்தது.

“இதானே?”

“ஓம் போலதான் இரிக்கி.”

“போலயா? நீங்க வாத்தியாரெல்லோ?”

வாத்தியார்தான். ஆனால் அதைச் சொல்லக்கூடியவர் கொழும்பில் இருந்தார், உயிரோடு இருந்தால். ஸ்பிரிட் வாங்கவும் வழியில்லை, சோதனைச்சாவடியில் அதற்கு விளக்கம் சொல்லும் துணிவும் எனக்கில்லை. உம்மா யோசித்துவிட்டு, மீனைக் கிணற்றில் விட்டார். “அவர் வந்து உயிரோட பாக்கட்டும். இதுக்குள்ள ஒருத்தரும் ஒண்டும் ஊத்தேலாது.”

அதன்பின் பிரதான வீதியில் எந்த ஜீப் நின்றாலும், யாரென்று எட்டிப் பார்க்கச் சொல்வார். பெரும்பாலும் இராணுவமாக இருக்கும். நான் தலையை உடனே உள்ளே இழுத்துக்கொள்வேன்.

நடுப்பகலில் வெயில் நேராகக் கிணற்றுக்குள் விழும்போது மீன் மேலே வரும். நான் வளையத்தில் வயிற்றை வைத்துக் குனிவேன். கோடு தெரியும். வாலடியில் பொட்டு இருக்கிறதா என்று பார்ப்பதற்குள் அது திரும்பிவிடும். உம்மா பின்னால் வந்து நின்று, இன்றைக்காவது நிச்சயமா என்று கேட்பார். ஆராய்ச்சியாளர் வந்தால்தான் தெரியும் என்பேன். “வருவார்,” என்று சொல்லிவிட்டு, மீனில் படாமல் வாளியை மெதுவாக ஓரத்தால் இறக்குவார்.