மொட்டை மாடிக்கு வெள்ளையடிக்கிறவன் பாடு

ஊரே நிழல் தேடி ஓடுகிற சித்திரையில், வெயிலைத் தேடி மேலே ஏறுகிற தொழில் என்னுடையது. ஃபேனைப் போட்டால் அடுப்புக் காற்று வாங்குகிற சக பாவிகளே, மாடியில் வெள்ளையாகக் குளிர்ச்சி பெயின்ட் அடிப்பார்களே, அதுதான். வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். கரண்டு பில்லும் குறையும்.

தேனியில் பன்னிரண்டு வருஷம் ஏசி மாட்டியவன் நான். அதை விட்டுவிட்டு இதற்கு வந்ததும் என் மனைவி செல்வி கறாராகச் சொல்லிவிட்டாள்: "ஒரு கோடை பாப்போம். ஓடலேன்னா வீம்பு பண்ணாம பழைய வேலைக்கே போயிருங்க." வீம்பு என் கூடப் பிறந்தது. அது அவளுக்கும் தெரியும்.

போடி ஜவுளிக்கடைக்காரர்

முதல் வேலை இவர் வீட்டில். அடுத்த ரீடிங் எடுத்ததும் பில் குறையவே இல்லையென்று போனில் கத்தினார். ஓடிப் போய்ப் பார்த்தால், நட்ட நடுப் பகலில் மனுஷன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஏசி பதினெட்டில் ஓடுகிறது. வெள்ளையடித்த வீட்டுக்கு இருபத்தாறே தாராளம் என்று தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். அவர் அசையவில்லை.

"இருவத்தாறுல வச்சா மெசின் பாதி நேரம் சும்மா நிக்கிது தம்பி. கடையில ஒருத்தன் அப்பிடி நின்னா நான் விடுவேனா?"

காமயகவுண்டன்பட்டி கொப்பரை

இவர் தென்னந்தோப்புக்காரர். வேலை முடிந்த கையோடு, எப்போதும்போல மாடியில் தேங்காயை உடைத்துக் காயப்போட்டுவிட்டார். தளம் சுட்டால்தானே கொப்பரை காயும்? நாலே நாளில் பூசணம். பெயின்ட்டைச் சுரண்டு என்று வாசலில் நின்று ஏசினார். தெருவே வேடிக்கை பார்த்தது. எனக்கு அவமானமாகத்தான் இருந்தது, ஆனாலும் சுரண்ட மாட்டேன் என்று நின்றேன். கம்பத்துக்குப் போய் ஒரு கறுப்புத் தார்ப்பாய் வாங்கி வந்து, தோப்புக் களத்தில் நானே விரித்துக் கொடுத்தேன். அதில் நன்றாகக் காய்ந்தது. மனுஷன் இறங்கி வருவார் என்று பார்த்தேன்.

"இதை மொத நாளே விரிச்சிருந்தா எங்கிட்ட இம்புட்டுப் பேச்சு வாங்கியிருப்பியா?"

வடுகபட்டி ஜெயா

சித்திரை பாதி போய்விட்டது. கையில் வேறு வேலை இல்லை. முதல் ரெண்டு பேரும் என்னைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லப் போவதில்லை. செல்வி பழைய ஏசிக் கடையில் பேசியே வைத்துவிட்டாள். அப்போதுதான் ஜெயா கூப்பிட்டது. சிமென்ட் ஷீட் வீட்டில் தையல் வேலை. பள்ளிக்கூட யூனிஃபார்ம் ஆர்டர் குவிந்து கிடக்கிறது, ஆனால் பதினோரு மணிக்கு மேல் அந்த வறுசட்டியில் மிஷின் மிதிக்க முடியவில்லை.

குளிரவில்லையென்றால் கூலியே வேண்டாம் என்றேன். ஷீட் உடையாமல் பலகை போட்டு, ரெண்டு நாள் விடியற்காலையில் ரெண்டு கோட். பக்கத்து வீட்டுப் பொம்பளைகள் கீழே நின்று, "வெயில வெள்ளையடிச்சு வெரட்டுறாகளாம்" என்று சிரித்தார்கள்.

பத்தாம் நாள் போன். "அண்ணே, ஒடனே வாங்க." கூலி போச்சு என்றுதான் வண்டியை எடுத்தேன். முடிவைத் தெரிந்துகொள்ள செல்வியும் பின்னால் ஏறிக்கொண்டாள். போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். உள்ளே ஜெயா தைத்துக்கொண்டிருக்கிறது. அதைச் சுற்றி, அன்றைக்குச் சிரித்த ஒன்பது பொம்பளைகளும் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள். அவரவர் வீட்டு டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து ஜெயாவின் பிளக்கில் சொருகியிருக்கிறார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன. செல்வி ஜெயாவின் தையல் நோட்டை எடுத்து ஒன்பது பேரின் பெயரையும் எழுத ஆரம்பித்தாள். ஜெயாதான் பொறுமை இழந்துவிட்டது.

"குளுந்துருச்சுண்ணே, இல்லேங்கல. ஆனா தெருவே இங்கன வந்து படுத்தா மீட்டரு எப்பிடிக் கொறையும்? அவுக வீட்டுக்கும் அடிச்சு விடுங்க, எந்திரிச்சுப் போகட்டும்."

ஒன்பது வீட்டையும் முடித்துவிட்டுச் சொல்கிறேன், இந்தத் தொழிலுக்கு விளம்பரமே தேவையில்லை, ஒரு வீட்டைக் குளிர வைத்துவிட்டு அதன் கதவைப் பூட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.