டிசம்பர் வரை படித்து முடித்த சவரியப்பன்

பீர்மேட்டுத் தேயிலை எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்ற சவரியப்பனுக்கு ஜனவரியில் லேசான பக்கவாதம். கை கால் சரியாகிவிட்டன. குணத்துக்கு மருந்தில்லை. ஞாபகம் தங்குகிறதா என்று பார்க்க டாக்டர் ஒரு வேலை கொடுத்தார்: வருஷம் முழுக்கப் புத்தகம் படித்து, முடித்த தேதியையும் எப்படி இருந்தது என்று ஒரு வரியும் எழுத வேண்டும். நோட்டு ஒழுங்காக இருந்தால் தன் வீட்டில் தனியாக இருக்கலாம். இல்லாவிட்டால் மகள் பின்சியின் கொச்சி ஃபிளாட், ஒன்பதாவது மாடி.

படுத்த நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பாலியேட்டிவ் பயிற்சி முடித்த நான் வாரம் மூன்று நாள் போய் அவருக்குப் பிரஷர் பார்ப்பேன். நோட்டு என் வேலையில்லை.

நவம்பர் பன்னிரண்டாம் தேதி பின்சி வந்து நோட்டைப் புரட்டினாள். டிசம்பர் முப்பத்தொன்று வரை எழுதி முடித்திருந்தது. நூலகத்திலிருந்து இன்னும் எடுக்கவே எடுக்காத ஒரு நாவலுக்கு, டிசம்பர் 24 தேதியிட்டு, “கண்ணீர் வந்தது. முடிவு சுமார்” என்று அபிப்பிராயம்.

“அப்பாவுக்குத் தேதியே தெரியல அத்தை,” என்று என்னிடம் அழுதவள், அழுதபடியே பெட்டியில் சட்டைகளை அடுக்கினாள்.

“இன்னைக்கு என்ன கிழமைன்னு கேளு,” என்றேன்.

“புதன். அதுகூடவா தெரியாது?” என்றார் சவரியப்பன்.

“அப்ப டிசம்பர் எப்படிப்பா வந்துச்சு?”

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். அவருக்குக் கீழே பதினோரு வருஷம் கொழுந்து எடுத்திருக்கிறேன். எங்கள் வருகையைப் பதியும் செக்ரோலை அவர் காலையிலேயே எழுதி முடித்துவிடுவார். மதியம் மழை வரும் என்று அவருக்குத் தோன்றினால் எங்களுக்கு அரைநாள் கூலி. மழை வராமல் சாயங்காலம் வரை வேலை செய்தாலும் அரைநாள்தான். கேட்டால், ரோல் பொய் சொல்லாது என்பார்.

“பின்சி, உங்கப்பனுக்கு மறதி இல்ல. கள்ளத்தனம். நாப்பது வருசமா நல்ல ஆரோக்கியமா இருக்கு.”

“ஏட்டி செபமாலை! என் ரோல்ல ஒரு தப்பு காட்ட முடியுமா?”

“சரி, தப்பே இல்ல. அப்ப இது மறதிதான். ஒம்பதாவது மாடிக்குக் கெளம்புங்க. பின்சி, அந்த வேட்டியையும் வை.”

வேட்டி பெட்டிக்குள் போனது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“முன்னாடியே எழுதி வைக்கது பழக்கம்,” என்றார் கடைசியில், சுவரிடம்.

“எப்பத்துல இருந்து?” என்றேன்.

“செக்ரோல்ல இருந்தே.”

“மழை வராத நாளுக்கும்?”

“வராத நாளுக்குந்தான். போதுமா?”

பின்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டைகளைத் திரும்ப அலமாரியில் வைத்தாள். மன்னிப்பெல்லாம் அவர் கேட்கவில்லை. அவ்வளவு உடம்பு தேறவில்லை போலும்.

விஷயத்தைத் தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்தில் சொன்னேன். ரகசியம் என்று யாரும் சொல்லவில்லையே. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பழைய கொழுந்துக்காரிகள் நாலு பேர் அவரை நலம் விசாரிக்கப் போனார்கள். ஒவ்வொருத்தியும் தனக்கு அரைநாள் போன நாளைத் தேதி கிழமையோடு சொன்னாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர், ரோசி சொன்னபோது மட்டும் நிமிர்ந்தார்.

“அது வியாழன் இல்ல ரோசி. வெள்ளி.”