வாளியில் விழுந்த கங்கோங்

பிள்ளையின் தட்டில் கீரையை வைத்துவிட்டு உங்கள் தட்டில் எதை வைத்துக்கொண்டீர்கள் என்று என்றாவது எண்ணிப் பார்த்ததுண்டா? பள்ளிதோறும் சென்று சத்துணவைப் பற்றிப் பேசுவது என் தொழில். பிள்ளைகளுக்குக் கீரை ஊட்டப் புறப்பட்டுத் தோற்ற அன்பர்கள் அனைவரும் என் உறவினர்களே; என் தோல்விகளை உங்களிடம் கூற எனக்கு வெட்கமில்லை.

அரசனும் கொல்லைக் கீரையும்

குமரேசன் அலுவலக வேலையைத் துறந்து, பல மாடிக் கார் நிறுத்துமிடம் ஒன்றின் உச்சியில் கீரைத் தோட்டம் போட்டவர். நீண்ட தண்டுள்ள அவருடைய கங்கோங் கீரையை வாங்க முன்வந்த முதல் பள்ளியில் நடந்தது இது. பள்ளி முதல்வர் ஒரு தவணை, அதாவது ஒரு பள்ளிப் பருவம், அவகாசம் தந்தார். பள்ளி உணவகத்தில் மிச்சக் கீரையைக் கொட்ட ஒரு வெள்ளை வாளி வைக்கப்பட்டது. தவணை முடிவில் அதில் சேரும் மிச்சம் பாதி வாளிக்குக் கீழே இறங்காவிட்டால், உறையவைத்த பொட்டலக் காய்கறிக்கே திரும்பிவிடுவதாக ஏற்பாடு.

முதல் நாள் நான் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொன்னேன். ஓர் அரசன் தன் உணவு முழுவதையும் கடல் கடந்து வரவழைத்தான். புயல் வந்தது, கப்பல் நின்றது, அரண்மனை பசித்தது. அப்போது அவனைக் காத்தது கொல்லைப்புறத்துக் கீரை. கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. இடைவேளை முடிந்ததும் வாளியைப் பார்த்தேன், விளிம்புவரை கங்கோங். தொடக்கநிலை நான்காம் வகுப்பில் படிக்கும் யாழினி தன் தட்டையும் அதில் கவிழ்த்துவிட்டு என்னைக் கேட்டாள்: “டீச்சர், அந்த ராஜாவே கடைசியிலதானே கீரை சாப்பிட்டாரு?”

முழ நீளக் கீரை

அடுத்த வாரமும் வாளி நிறைந்தது. இதில் என் பிழை பெரிது. கீரை செடியில் நின்ற வடிவிலேயே பிள்ளைகள் அதைக் காண வேண்டும், வெட்டக் கூடாது என்று உணவகக் கடைக்காரர் ராவியத் அக்காவிடம் நான்தான் வற்புறுத்தியிருந்தேன். மண்ணை மதிக்கக் கற்பிக்கிறேன் என்ற பெருமிதம்!

இடைவேளையோ அரை மணி நேரம். அதில் பாதி வரிசையில் நிற்பதிலேயே கரைந்துவிடும். எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் அந்த நீளத் தண்டுகளோடு மல்லுக்கட்டினார்கள். ஒருமுனை வாயிலும் மறுமுனை தட்டிலுமாகத் திணறிய ஒரு சிறுமியை அக்கா எனக்குச் சுட்டிக்காட்டினார். “நீங்க படிச்சவங்க, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா பிள்ளைங்க கையில இருக்கிறது கரண்டியும் முள்கரண்டியும். இதைத் திங்கணும்னா ஆளுக்கொரு கத்தரிக்கோல் குடுக்கணும் லா!”

தேக்காவில் பிடிபட்டேன்

அக்கா கீரையைப் பொடியாக அரிந்து முட்டையோடு வதக்கினார். வாளி சற்று இறங்கியது, பாதியைத் தொடவில்லை. தவணையில் மூன்று வாரமே மீதமிருந்தது. குமரேசனோ அடுத்த விதைப்புக்குத் தொட்டிகளை நிரப்பலாமா என்று நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிறு நண்பகல் தேக்கா அங்காடியில் ஆட்டிறைச்சி பிரியாணி உண்டுகொண்டிருந்தேன். பக்கத்து மேசையிலிருந்து யாழினி எழுந்து வந்து என் தட்டை நெடுநேரம் உற்றுநோக்கினாள்.

“டீச்சர், வெள்ளரிக்காயை எதுக்கு ஓரமாத் தள்ளிட்டீங்க?”

அவள் தாயார் பதறினார். “ஏய், பெரியவங்களை அப்படிக் கேக்கக் கூடாது. சாரி சொல்லு.”

“ராஜா கதை சொன்னதே இவங்கதாம்மா!”

எதிர் இருக்கை

இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ பள்ளி மேடைகளில் நின்றிருக்கிறேன். ஒரு பள்ளி உணவகத்திலும் பிள்ளைகளோடு அமர்ந்து உண்டதில்லை. திங்களன்று ராவியத் அக்காவிடம் ஒரு தட்டு வாங்கி, முழங்கால் மேசையில் இடிக்கும் அந்தச் சிறிய பெஞ்சில் யாழினிக்கு எதிரே அமர்ந்தேன். கதை சொல்லவில்லை. உண்மையைச் சொல்வதானால், எனக்கும் கங்கோங் அவ்வளவாகப் பிடிக்காது. அதை அவளிடமே ஒப்புக்கொண்டேன். அவள் முகம் மலர்ந்தது. “அப்ப நீங்க முதல்ல முடிங்க டீச்சர். நான் பாக்குறேன்.”

தவணையின் கடைசி நாள்

மூன்று வாரமும் ஒவ்வோர் இடைவேளையிலும் ஒரு மேசையில் அமர்ந்து உண்டேன். இரண்டாம் வாரம் வகுப்பாசிரியர்கள் சிலரும் தட்டோடு வந்து சேர்ந்தார்கள். யாழினி முதலில் ஒரு கரண்டி உண்டாள்; பிறகு, நான் மிச்சம் வைக்கிறேனா என்று கண்காணிக்கும் பொறுப்பையும் தானே ஏற்றுக்கொண்டாள்.

கடைசி நாள் முதல்வர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். மிச்சக் கீரை பாதிக்கு ஒரு விரல்கடை கீழே நின்றது. காலிக் கூடைகளோடு தூண் ஓரம் நின்ற குமரேசனிடம், அடுத்த தவணைக்கும் விதைக்கலாம் என்று கூறிவிட்டு நடந்தார். குமரேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ராவியத் அக்கா கடைக்குள்ளிருந்தே குரல் கொடுத்தார்: “தம்பி, இந்தத் தடவையாவது கொஞ்சம் குட்டையா வளத்துக் கொண்டாங்க லா!”

அன்பர்களே, நாளை என்று தள்ள வேண்டாம். இந்தத் தீவின் மாடியிலோ மண்ணிலோ விளைந்த ஒரு கட்டுக் கீரையை இன்றே வாங்குங்கள், பொடியாக அரியுங்கள், பிள்ளைக்கு எதிரே அமர்ந்து முதல் கவளத்தை நீங்களே உண்ணுங்கள். தவறினால், நீங்கள் ஓரமாகத் தள்ளிய வெள்ளரிக்காயை எந்த அங்காடியில் எந்தப் பிள்ளை கண்டுபிடிக்கும் என்று என்னால் உறுதி கூற இயலாது.